அற்றிக்கில் ரக்கூன் குட்டி போட்டிருக்கிறது, பிடித்து றூஜில் விடலாமா?

கேள்வி: 2024 ஏப்ரல் 22

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "குளியலறைக்கு மேலே சிலிங்குக்குள் இரவில் குருவிக் குஞ்சுகள் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பகலில் உருட்டல். ரோச் லைற்றோடு அற்றிக்கில், கூரைக்கும் சிலிங்குக்கும் இடையில், ஏறிப் பார்த்தால் தாய் ரக்கூனும் குட்டிகளும். எண்ணிப் பார்க்க நிற்கவில்லை, இறங்கி ஓடிவிட்டேன். கூண்டு வாடகைக்கு எடுக்கலாமாம். தாயைப் பிடித்து றூஜ் பார்க் காட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டால் பிரச்சினை முடிந்ததுதானே? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தாராம்."

ஏப்ரல் 22, இரவு

வேண்டாம். கூண்டை மறந்துவிடுங்கள்.

தாயை ஏற்றிக்கொண்டு போனால் குட்டிகள் உங்கள் சிலிங்குக்குள்தான் கிடக்கும். இந்த மாதம் பிறந்தவை என்றால் கண்ணே திறந்திருக்காது, அதற்கு மூன்று வாரம் அளவில் ஆகும். பால் இல்லாமல் கத்தும். பிறகு கத்தாது. அதற்குப் பிறகு வருகிற நாற்றத்துக்குச் சிலிங்கை வெட்டத்தான் வேண்டும். உங்கள் நண்பருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் அவர் பிடித்தது தாயாக இருந்திராது, அவ்வளவுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஒன்ராறியோவில் பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும். நோயை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காவிக்கொண்டு போகக் கூடாது என்பது ஒரு காரணம். தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட விலங்கு பிழைப்பது கடினம் என்பது மற்றது. ஆக, றூஜுக்கு ஏற்றிக்கொண்டு போவது குற்றம். ஒரு கிலோமீற்றருக்குள் விட்டால் நீங்கள் காரைத் திருப்பி வீட்டுக்கு வருவதற்குள் அதுவும் வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் கூண்டு வாடகை வீண்.

என்ன செய்வது என்று நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை ஓட்டையை அடைக்க வேண்டாம். மிக முக்கியம்.

ஏப்ரல் 23

ரக்கூன்கள் தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை சோடி சேரும். கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். அதனால்தான் சித்திரை, வைகாசி வந்தால் ஸ்காபரோ முழுக்க ஒரே கதை. ஒரு ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் சாதாரணம். ஆண் ரக்கூன் குட்டி வளர்ப்பில் தலைவைக்காது. தாய்க்குத் தேவை காய்ந்த, சூடான, உயரமான ஒரு பொந்து. முன்பு கிழட்டு மேப்பிள் மரத்தில் இருந்த பொந்து இப்போது இல்லை. உங்கள் அற்றிக்கில் இன்சுலேசன் வேறு போட்டு மெத்தை விரித்து வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டிலும் முன்பு ரக்கூன் வந்தது, இதே குளியலறை மூலைதான். இரண்டு கூரை சந்திக்கிற இடத்தில், கீழ்க்கூரை மேல்கூரையின் சொஃபிற்றை, அதாவது கூரை விளிம்பின் அடிப்பலகையை, தொடுகிற மூலை. மழைத்தண்ணீர் அங்கேதான் வந்து விழும். பலகை ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலையில் இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. ரக்கூன் நல்ல பலகையில் ஓட்டை போட்டு நேரத்தை வீணாக்காது. கைவைத்துத் தடவித் தடவிப் பழுதான இடத்தைக் கண்டுபிடித்து அதைப் பெரிதாக்கும். காற்றுப் போகிற பிளாஸ்ரிக் கூரை வென்ற் என்றால் அதுவும் தேவையில்லை, பிய்த்துவிடும்.

முதலில் சத்தத்தைக் கேட்டது அம்மா. கேட்டவுடன் "மரநாய்" என்றார். ஊரில் முகட்டில் ஓடிய மரநாயையும், பனையில் ஏறி முட்டிக்குள் தலையை விட்டுக் கள்ளுக் குடித்த மரநாயையும் பார்த்து வளர்ந்தவர். கனடாவில் மரநாய் இல்லை அம்மா என்றேன். "அப்ப அதின்ர சொந்தக்காரர்" என்றார். விலங்கியல்படி சரியில்லை, இரண்டும் வேறு குடும்பம். ஆனால் வீட்டில் யாரும் பதறாமல் இருந்ததற்கு அம்மாவின் அந்த அலட்சியம்தான் காரணம்.

ஏப்ரல் 25

கீழே கருத்துகளில் ரக்கூனை விரட்ட ஆளாளுக்கு வைத்தியம் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக:

பூச்சி உருண்டை: வேண்டாம். அற்றிக் காற்றோட்டம் உள்ள இடம், மணம் நிற்காது. நிற்கிற கொஞ்சம் உங்கள் படுக்கையறைக்குத்தான் இறங்கும். அது நப்தலீன், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கூடாது.

மிளகாய்த்தூள்: குட்டிக்குப் பால் கொடுக்கிற விலங்கின் கண்ணில் தூவுவதா? அதோடு, வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளை ஒருவர் அற்றிக்கில் கொட்டினார் என்றால் அவர் இன்னும் ஊரிலிருந்து தூள் பார்சல் வருகிற பாக்கியசாலி. எங்களுக்கு அனுப்புங்கள்.

சாம்பிராணி: ரக்கூன் போகிறதோ இல்லையோ, தீயணைப்பு வண்டி வரும்.

ஏப்ரல் 28

சரி, என்னதான் செய்வது.

தாய் ரக்கூனுக்கு ஒரே ஒரு பொந்துதான் என்று நினைக்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் மாற்று இடங்கள் அதற்குத் தெரியும். ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் குட்டிகளைக் கழுத்துப் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விடும். எங்கள் வேலை, அந்த இடத்தைப் பிடிக்காமல் செய்வது மட்டும். இருட்டும் அமைதியும் வேண்டும் என்றுதான் வந்தது, அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். அற்றிக்கில் பிரகாசமான லைற் ஒன்று, ஆட்கள் கதைக்கிற வானொலி ஒன்று, இரவு பகல் ஓடட்டும். பாட்டை விட மனிதக் குரல் நல்லது. நாங்கள் தமிழ் வானொலி போட்டோம். மரண அறிவித்தல் முடியும்வரை அசையாமல் இருந்து கேட்டது.

ஒரே இரவில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழை, குளிர் என்றால் தாய் குட்டிகளை வெளியே எடுக்காது. சில இரவுகள் பொறுங்கள்.

ஆட்களைக் கூப்பிடுவதென்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குட்டிகளை என்ன செய்வீர்கள்?" தெரிந்தவர்கள் குட்டிகளைக் கையால் எடுத்து, வெளியே கூரையில் அந்த வாசலுக்குப் பக்கத்தில் சூடாக்கிய பெட்டியில் வைப்பார்கள். வாசலில் ஒருவழிக் கதவு பொருத்துவார்கள், தாய் வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. வந்த தாய் பெட்டியிலிருந்து குட்டிகளை எடுத்துக்கொண்டு போகும். எங்களிடம் முதலில் வந்தவர் அற்றிக்குக்குள் எட்டியே பார்க்காமல் "இன்றைக்கே கதவைப் போட்டுவிடலாம்" என்றார். குட்டிகள் உள்ளே இருக்கத் தாயை வெளியே பூட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. எட்டு, பத்து வாரத்தில் குட்டிகள் தாயின் பின்னால் வெளியே வரத் தொடங்கும். ஆடி மாத அளவில் எல்லோரும் இரவில் வெளியே போனபின் ஒருவழிக் கதவைப் போடலாம். என்னைக் கேட்டால் இதுதான் நல்லது.

ஏப்ரல் 29

நேற்றைய கடைசிப் பந்தியை இரவு முழுக்க யோசித்தேன். மனிசியும் வாசித்துவிட்டு, "படுக்கையறைக்கு மேலே இருந்தால் இப்படிச் சொல்லுவீங்களா?" என்றார்.

நியாயம். கராஜுக்கு மேலே, ஷெட்டுக்குள், டெக்கின் கீழே என்றால் பொறுத்திருப்பதில் நட்டமில்லை. வீட்டுக்கு உள்ளே, தலைக்கு மேலே என்றால் வேறு கதை. ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும், அந்த இடம் உங்கள் இன்சுலேசனாக இருக்கலாம். அந்தக் கழிவில் வரக்கூடிய உருளைப்புழு ஆபத்தானது, அதைத் தனியாக எழுத வேண்டும். ஆகவே கேள்வி கேட்டவருக்கு: லைற்றும் வானொலியும்.

மே 2

இன்னொரு வாசகர்: "பகலில் கூரையில் ஒரு ரக்கூன் நடக்கிறது, பகலில் வந்தால் விசர்நோய் (ரேபிஸ்) என்று அர்த்தமாமே?"

இல்லை. பால் கொடுக்கிற தாய்க்குப் பசி, இரவு மட்டும் தேடினால் காணாது. குட்டிகள் தூங்குகிற நேரம் பார்த்துப் பகலில் வெளியே வரும். மரக்கிளையில் காலைத் தொங்கப்போட்டு வெயில் காய்வதும் உண்டு, வீட்டுக்குள் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் வெளியே வந்து நிற்கிற தாய்மார் எங்களிலும் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, நடையை. தள்ளாடுகிறதா, வட்டமாகச் சுற்றுகிறதா, கண்ணும் மூக்கும் ஒழுகுகிறதா, ஆள் கிட்டப்போனாலும் பேசாமல் நிற்கிறதா. ரொறன்ரோவில் அப்படிக் காணப்படுபவற்றில் பெரும்பாலானவைக்கு இருப்பது டிஸ்ரெம்பர் என்ற வைரஸ் நோய். மனிதருக்குத் தொற்றாது, தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். கிட்டப் போகாமல் மாநகரசபையின் 311க்கு எடுங்கள்.

அதற்காக விசர்நோய் இல்லவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பத்து வருடம் அளவில் ஒன்ராறியோவில் ரக்கூன் விசர் இல்லாமல் இருந்தது. 2015 டிசம்பரில் ஹமில்டனில் திரும்பி வந்தது, விலங்குப் பிரிவின் வண்டிக்குள் இரண்டு நாய்களோடு சண்டை போட்ட ஒரு ரக்கூனில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு மாகாண அரசு தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் கையாலும் விமானத்தாலும் போட்டு அடக்கியது. காக்கிப்பச்சை நிறத்தில் சின்னப் பொதி, வனிலா மணம். வளவில் கண்டால் பிள்ளைகளை எடுக்க விட வேண்டாம், நாயும் தின்னாமல் பாருங்கள்.

கடித்தால், கீறினால்: சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியரிடம். "சின்னக் கீறல்தானே" என்கிற கதையே வேண்டாம்.

மே 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: போய்விட்டதாம்! வானொலி வேலை செய்திருக்கிறது. எந்த நிகழ்ச்சி என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அது வெளிக்கிட்ட இரவை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். லைற்றை அணைத்துவிட்டு நின்றேன். முதலில் அது தனியாக வந்து, மதிலின் மேல் நடந்து, பின் தெருப் பக்கம் போய்த் திரும்பியது. வழி பார்த்திருக்க வேண்டும். பிறகு கூரை விளிம்பில் வாயில் ஒரு குட்டியோடு தெரிந்தது. மழைத்தண்ணிக் குழாயைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாக இறங்கியது. ரக்கூனின் பின்னங்கால் பாதம் முழுதாகப் பின்பக்கம் திரும்பும், அந்த நகங்களால் குழாயின் இணைப்புப் பட்டியைக் கொழுவிக்கொண்டு முன்னங்கைகளைக் கீழே கீழே வைத்து வந்தது. குட்டி கத்தவில்லை, நாலு காலும் மடங்கிச் சுருண்டு தொங்கியது. வாலில் வளையம் இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் கண்ணைச் சுற்றிய கறுப்பு மட்டும் அப்போதே இருந்தது. பாதி வழியில் பிடி நழுவியதோ என்னவோ, குழாய்க்கும் சுவருக்கும் இடையில் உடம்பை நெருக்கிக்கொண்டு, குட்டியை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்து, வாயைத் திறந்து திரும்பக் கவ்வியது. பிறகு மதில், பிறகு இருட்டு. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது.

கடைசிக் குட்டியைக் கொண்டுபோன பிறகு அது இன்னொரு தரம் வந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு போனது. எண்ணத் தெரியுமோ தெரியாதோ, சரிபார்க்கத் தெரிகிறது.

மே 10

கேள்விக்காரருக்கு: சந்தோசத்தில் உடனே ஓட்டையை அடித்து மூட வேண்டாம். பழைய பத்திரிகையைக் கசக்கி வாசலில் லேசாகத் திணியுங்கள். இரண்டு மூன்று இரவு அப்படியே இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகு ஏறி ரோச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு மூடலாம்.

மே 19

குப்பைக் கதைக்கு வருவோம், எப்படியும் வரத்தான் வேண்டும்.

ரொறன்ரோ மாநகரசபை 2016 முதல் புதுக் கிறீன் பின்னை, அதாவது சமையல் கழிவுத் தொட்டியை, கொடுத்தது. ரக்கூன் திறக்க முடியாத பூட்டு என்பதுதான் விளம்பரம், ஏறக்குறைய 31 மில்லியன் டொலர் திட்டம். மூடியில் ஒரு கைபிடி, திருப்பினால் திறக்கும். லொறியின் கை தூக்கிக் கவிழ்க்கும்போது தானாகத் திறக்கும். அடிப்படை யோசனை எளியது: ரக்கூனுக்கு ஐந்து விரல் உண்டு, ஆனால் எங்களைப் போலப் பெருவிரலை மடக்கிப் பிடிக்க முடியாது. திருப்பவும் வேண்டும், தூக்கவும் வேண்டும் என்றால் அதற்குச் சிக்கல். யோர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையை ஆராய்கிற சுசான் மக்டொனால்ட் என்ற பேராசிரியரை வைத்து உண்மையான ரக்கூன்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். ஆனாலும் 2018 அளவில் சில வீடுகளில் பின்னைச் சரித்து விழுத்தித் திறந்த காணொளிகள் வந்தன.

என் கணிப்பில் பெரும்பாலான "திறந்துவிட்டது" கதைகள் பூட்டைச் சரியாகத் திருப்பாத கதைகள். எங்கள் வீட்டுப் பின்னின் கைபிடி குளிரில் இறுகிப்போகும், பிள்ளைகள் அரைவாசி திருப்பிவிட்டு ஓடிவருவார்கள். காலையில் ட்ரைவ்வே முழுக்க நண்டு ஓடு.

அது இன்னொன்று. எங்கள் சனத்தின் பின் மற்றவர்களுடையதைவிட மணம் கூடியது, மறைக்க ஒன்றுமில்லை. மீன் தலை, செதில், இறால் கோது, ஆட்டு எலும்பு. சனிக்கிழமை சமைத்துவிட்டு அடுத்த வாரம் லொறி வரும்வரை பின்னுக்குள் வைத்தால் பக்கத்துத் தெரு ரக்கூனுக்கும் அழைப்பு அனுப்பியதாகிவிடும். நாங்கள் மீன் கழிவைப் பையில் கட்டி ஃபிரீசரில் போட்டுவிடுவோம், லொறி வருகிற காலையில் எடுத்துப் பின்னில் போடுவது. மனிசிக்கு ஆரம்பத்தில் பெரிய எதிர்ப்பு. ஒருநாள் அவரே ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு வைக்க, மகன் திறந்து பார்த்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

மே 20

ஒருவர்: "தண்ணீரில் கழுவித் தின்கிற சுத்தமான விலங்கு ஆச்சே?"

கழுவுவதில்லை, தடவிப் பார்க்கிறது. முன்னங்கை உள்ளங்கையில் தொடு உணர்வு மிக அதிகம், ஈரம் பட்டால் தோல் இளகி இன்னும் கூடும். ஓடையில் கல்லுக்கடியில் நண்டு, ஊரி தடவிப் பிடித்த பழக்கம். அதன் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், கை தனியாக வேலை செய்யும். அடுத்த முறை உங்கள் டெக்கில் பூனைச் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு இருக்கும்போது பாருங்கள். இல்லை, முதலில் கிண்ணத்தை உள்ளே எடுங்கள்.

ஜூன் 3

சொன்ன உருளைப்புழு. சாப்பிடும்போது வாசிக்க வேண்டாம்.

ரக்கூனின் குடலில் வாழ்கிற இந்தப் புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியே வரும். வந்தவுடன் தொற்றாது, மண்ணிலோ பலகையிலோ இரண்டு முதல் நாலு வாரம் கிடந்த பிறகுதான் தொற்றக்கூடியதாக மாறும். தவறி வயிற்றுக்குள் போனால் மூளை, கண் வரை போகலாம். மனிதருக்கு வருவது மிக அரிது, ஆனால் மண்ணை வாயில் வைக்கிற சின்னப் பிள்ளைகள் இருந்தால் அலட்சியம் கூடாது.

கணக்கு இதுதான்: கண்டவுடன் எடுத்தால் ஆபத்து குறைவு. தட்டைக் கூரை, விறகுக் குவியல், மரத்தடி, டெக்கின் மூலை, இவைதான் வழக்கமான இடங்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, வழித்து இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில். இடத்துக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பிளீச் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், அந்த முட்டைக்குப் பிளீச் ஒரு பொருட்டே அல்ல. வெப்பம்தான் கொல்லும். பிள்ளைகளின் மணல் பெட்டிக்கு மூடி போடுங்கள். அற்றிக்குக்குள் நிறைய இருந்தால் நீங்களே இறங்க வேண்டாம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 16

இழை எங்கேயோ போகிறது, நானும் போகிறேன்.

2015 யூலையில் டவுன்ரவுனில் யங் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கிற இடத்தில் ஒரு ரக்கூன் நடைபாதையில் செத்துக் கிடந்தது. காலையில் மாநகரசபைக்குச் சொல்லியும் இரவு வரை எடுக்கவில்லை. அதற்குள் சனம் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, படம் சட்டம் போட்டு வைத்து, அனுதாப அட்டை எழுதி, கொன்ராட் என்று பெயரும் வைத்துவிட்டது. முழுச் செத்தவீடு. எட்டுச்செலவு செய்யாததுதான் குறை. அன்றைக்கு எங்கள் வேலையிடத்தில் இந்த ஊர் பிறந்து வளர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே உண்மையில் கவலைப்பட்டதைப் பார்த்தேன். குப்பையைக் கொட்டினால் திட்டுவார்கள், செத்தால் மெழுகுதிரி. இந்த நகரம் ரக்கூனோடு நடத்துகிற குடித்தனம் இதுதான்.

இதை ஜேர்மனியில் காசல் நகரப் பக்கம் இருக்கிற மச்சானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே 1934இல் எடர்சே ஏரிக்குப் பக்கத்தில் இரண்டு சோடி ரக்கூனைக் கொண்டுவந்து காட்டில் விட்டிருக்கிறார்கள். அவற்றின் வம்சமும் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் சேர்ந்து இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டன. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இருக்கிறது, வேட்டையாடவும் செய்கிறார்கள். காசலில் மழைத்தண்ணிக் குழாயில் ஏற முடியாதபடி தகரம் சுற்றி வைக்கிறார்களாம். அதே விலங்கு, அங்கே வந்தேறி. இங்கே அது மண்ணின் மைந்தன், வந்தேறி நாங்கள்தான். மச்சான் சொன்னார்: "அப்ப நீங்கள்தான் வாடகை குடுக்க வேணும்."

ஜூலை 8

மார்க்கம் நகரத்திலிருந்து ஓர் அக்கா குட்டிகளின் படம் போட்டிருக்கிறார். டெக்கில் வரிசையாக நின்று கண்ணாடிக் கதவைக் கையால் தட்டுகின்றனவாம், பாணும் பிஸ்கற்றும் வைக்கிறாராம். "பாவம் அண்ணை, பிள்ளைகள் மாதிரிப் பார்க்குதுகள்."

பார்க்கத்தான் செய்யும் அக்கா. அதுதான் பிரச்சினையே. பத்து வாரக் குட்டி இப்போது தாயின் பின்னால் போய் எங்கே புழு, எங்கே பழம், எந்த மரத்தில் ஏறித் தப்பலாம் என்று படிக்கிற நேரம். இந்த வருடக் குட்டி மாரி முழுதும் தாயோடு ஒரே பொந்தில் கிடக்கும், அடுத்த வசந்தம் வரை அதற்குப் பள்ளிக்கூடம் இதுதான். உங்கள் டெக் அதன் பாடத்திட்டத்தில் வந்துவிட்டால் மறக்காது. அடுத்த வருடம் அது பெரிய ரக்கூனாக வந்து கதவைத் தட்டும், நீங்கள் விடுமுறையில் போயிருந்தால் பக்கத்து வீட்டுக் கதவை. அந்த வீட்டுக்காரருக்குப் பிள்ளைப் பாசம் வராது.

ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல் சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்குத் தீனி வைப்பது விதிமீறல். மார்க்கம் வேறு நகரசபை, அங்குள்ள விதியைப் பாருங்கள். விதி இல்லாவிட்டாலும் என் பதில் இதேதான்.

குட்டி தனியாகக் கிடந்து கத்தினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பசுப்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றோட்டம் வந்து செத்துவிடும். வெறும் கையால் தொட வேண்டாம். பெரும்பாலும் தாய் இடம் மாற்றுகிற வழியில் விழுந்ததாக இருக்கும், இரவில் தேடி வரும். மூடியில்லாத, ஏறி வெளியே வரக்கூடிய பெட்டியில் துணியில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தலோடு வைத்துவிட்டு, நாயையும் பிள்ளைகளையும் உள்ளே எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். விடிந்தும் அங்கேயே இருந்தால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரருக்கு அழையுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டவிரோதம். ஒரு வயதில் அது சோபாவை என்ன செய்யும் என்பது தனி விசயம்.

ஜூலை 9

அக்கா கோபித்துவிட்டார். சரி அக்கா, படங்கள் அழகு, அதில் கருத்து வேறுபாடு இல்லை. நடுவில் நிற்கிறவரின் முகத்தில் எங்கள் சித்தப்பாவின் சாயல் தெரிகிறது.

ஆகஸ்ட் 18

பின் வளவில் சோளம் வைத்தவர்களுக்கு அனுதாபம். நாளைக்கு முறிப்போம் என்று நாங்கள் நினைக்கிற அதே இரவுதான் அவையும் வரும். தோலை உரித்து, இரண்டு கடி கடித்து, எறிந்துவிட்டு அடுத்தது. எங்கள் பந்தலில் பாவற்காயை மட்டும் இதுவரை தொடவில்லை. அதற்கும் ஒரு ருசி இருக்கிறது என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க அம்மா மாதிரி ஓர் ஆள் வேண்டும்.

செப்ரெம்பர் 15

அடைக்கிற வேலையை இப்போது செய்யுங்கள், பனி வருவதற்கு முன். ரக்கூன் முழுதாக உறங்கிக் கிடக்கிற விலங்கல்ல, ஆனால் கடும் குளிரில் நாட்கணக்காக வெளியே வராது. மார்கழியில் மூடினால் உள்ளே யாராவது இருக்கக்கூடும்.

கோழிக்கூட்டு வலை வேண்டாம், கையால் பிரித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய, பற்றுவைத்த கம்பி வலை. ஆணி அல்ல, திருகாணி. ஊறிய பலகையை மாற்றாமல் அதன்மேல் வலை அடிப்பது காசைக் கூரையில் எறிவதுதான், வலையோடு சேர்த்துப் பிய்த்தெடுக்கும். டெக்கைச் சுற்றி ஓரடி ஆழம் வெட்டி, வலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்து மண் போடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரம்தான் தோண்டும், மடிப்பில் நகம் பட்டதும் விட்டுவிடும். கூரையைத் தொடுகிற கிளைகளையும் வெட்டுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலைக்குக் கேட்ட விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன, ஆகவே ஓர் ஆளோடு நிறுத்த வேண்டாம்.

செப்ரெம்பர் 22

பழைய கேள்விக்காரர் திரும்ப வந்திருக்கிறார். கூரை பத்திரமாம், இப்போது முன்பக்கப் புற்றரையைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கின்றனவாம். "பழிவாங்கலா அண்ணை?"

பழிவாங்கல் இல்லை, சாப்பாடு. புல்லின் வேருக்குக் கீழே வண்டுப் புழு இருக்கிறது, வெள்ளையாக, அரைவட்டமாக வளைந்து கிடக்கும். மாரிக்கு முன் கொழுப்பு ஏற்ற அலைகிற ரக்கூனுக்கு அதைவிட வேறு விருந்து இல்லை. வேரைப் புழு ஏற்கெனவே தின்றுவிட்டதால்தான் புல் இவ்வளவு சுலபமாகச் சுருளுகிறது. ஆக உங்கள் எதிரி கீழே இருக்கிறது, மேலே வந்தவர் அதைக் காட்டித் தந்திருக்கிறார்.

புல்லைத் திரும்ப விரித்து, மிதித்து, நன்றாகத் தண்ணீர் விடுங்கள், பிடிக்கிறது பிடிக்கும். வண்டுப் புழுவுக்குத் தோட்டக் கடையில் நெமற்றோட் என்ற நுண்புழுவைக் கேட்டு வாங்குங்கள். இப்போதே செய்ய வேண்டும், மண் குளிர்ந்தபின் பயனில்லை. முதலில் தரையை நனைத்து, வெயில் சாய்ந்தபின் தெளித்து, திரும்பவும் நனையுங்கள். தெளிக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள், பெட்டிக்குள் இருப்பது உயிரோடு இருக்கிற புழு.